உயிரெழுத்து மட்டும் பிந்தி வருது

1

போன செவ்வாய்க்கிழமை, வெளிநாட்டினர் அலுவலகத்தில் கைரேகைக் கருவி என் இடது ஆள்காட்டி விரலை மூன்று முறை ஏற்க மறுத்தது. ஜெர்மனிக்கு நான் வந்து பத்தொன்பது வருடம் நிறைந்த வாரம் அது. பாஸ்போர்ட்டை மாற்றிக்கொள்ள மனம் வராததால், வதிவிட அட்டையைப் புதுப்பிக்கும் வரிசையில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த அம்மாள் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. இன்னொரு முறை என்றார். வைத்தேன். இன்னொரு முறை. வைத்தேன்.

விரலை வைப்பதற்கும் பச்சை விளக்கு எரிவதற்கும் இடையில் ஒரு சிறு இருட்டு. அந்த இருட்டின் நீளத்தை அளப்பதற்குத்தான் எனக்கு இங்கே சம்பளம். அன்றைக்கு அளக்கத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்த ஒரு வீடியோ என் சட்டைப் பையில், போனுக்குள் கிடந்தது. அதில் இருந்ததும் ஒரு கைதான். அந்தக் கைக்கு உரியவனிடம் நான் இன்னும் பேசவில்லை. எப்படிப் பேசுவது என்று இரண்டு நாளாக வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன்.

விரலில் ஈரம் இல்லை, அதுதான் காரணம் என்றார் அந்த அம்மாள். ஈரத் துணி ஒன்றை நீட்டினார். குற்றாலச் சாரலில் வளர்ந்த விரல் அம்மா இது என்று சொல்ல வாய் வந்தது. அதை ஜெர்மன் மொழியில் சொன்னால் புகார் மாதிரி இருக்கும். விரலைத் துடைத்துக்கொண்டேன்.

2

நெக்கர் ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஆலை. இரும்புத் தகட்டை நசுக்கி வளைக்கும் ராட்சத இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறோம். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இயந்திரம் நிற்க வேண்டும். அழுத்தியதற்கும் நின்றதற்கும் நடுவே எத்தனை மில்லி செகண்ட் என்று நான் அளந்து எழுத வேண்டும். அந்த நடுவேளைக்குள் ஒரு மனிதனின் கை போய்விடக்கூடும்.

வந்த புதிதில் பணிமனைப் பலகையில் ஒரு நாள் எழுதியிருந்தார்கள்: டோட்ஸைட், திங்கள், பத்து மணி, மூன்றாம் கூடம். டோட் என்றால் செத்த, ஸைட் என்றால் நேரம். யாரோ தவறிவிட்டார், அஞ்சலிக் கூட்டம் வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை கறுப்புச் சட்டை போட்டு, முகத்தைத் தொங்கப்போட்டு மூன்றாம் கூடத்துக்குப் போனேன். அங்கே நாலு பேர் ஒரு கம்பியை மாட்டி, பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாமதத்துக்கு இவர்கள் தொழிலில் வைத்திருக்கும் பெயர் அது.

அன்று மாலை தென்காசிக்குப் போன் செய்து அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவன் சிரித்து முடிக்கவே ஒரு நிமிடம் ஆனது. "இதுக்கா லே கறுப்புச் சட்ட போட்ட? நாம 'செத்த நேரம் இரி'ங்கோம், 'செத்த பொறு'ங்கோம். அவனும் அதைத்தான சொல்லுதான்" என்றான். சற்று என்பது எங்கள் பக்கத்து வாயில் செத்த ஆகும். ஒரு ஜெர்மானியச் சொல்லை இத்தனை சரியாக எந்த அகராதியும் எனக்கு மொழிபெயர்த்ததில்லை. அண்ணன் போனிலேயே செய்து கொடுத்தான்.

3

அண்ணன் பெயர் காசி. தென்காசியில் பத்திரம் எழுதும் கடை ஒன்றில் இருபத்தெட்டு வருடமாகத் தட்டச்சு. அச்சன்புதூர் வயலும் குத்துக்கல்வலசை மனையும் எத்தனையோ முறை அவன் விரல் வழியாகத்தான் கைமாறியிருக்கின்றன. கட்சிக்காரர் வாயைத் திறந்து நான்கு எல்லையையும் சொல்லி மூடுவதற்குள், அவன் அடித்து முடித்து அடுத்த வரிக்குக் காத்திருப்பான். அந்த வேகம்தான் அவனுக்குச் சொத்து, பேர், மரியாதை எல்லாம். திரையைப் பார்த்து அடிப்பானே தவிர விரலைப் பார்த்து நான் கண்டதில்லை.

மாசி மாதத்தில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். இப்போது அதை எத்தனை முறை கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை.

"ஏலே, ஒரு சந்தேகம். கடை கம்ப்யூட்டர்ல என்னமோ அப்டேட் விழுந்துச்சு. அதுலேருந்து எழுத்து லேட்டா வருது. எல்லா எழுத்தும் இல்ல, பாத்துக்கோ. மெய்யெழுத்து டக்குன்னு வந்துருது. உயிரெழுத்து மட்டும் பிந்தி வருது. சர்வீஸ்காரன் பிராசசருக்கே மைக்ரோகோடுன்னு ஒண்ணு புதுசா வந்திருக்குங்கான். அதனாலயா இருக்கும்?"

டிராம் நிறுத்தத்தில் நின்றபடி பதில் சொன்னேன். அதாத்தான் இருக்கும்ணே, அந்த அப்டேட் போட்டா செத்த ஸ்லோ ஆகும், ஒண்ணும் பயப்படாதே என்றேன். டிராம் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்ததும் இன்னொன்றும் செய்தேன். உயிரெழுத்து மட்டும் பிந்தி வருது என்ற அவன் வாக்கியத்தை அப்படியே எடுத்து, நான் கவிதை போடும் இணையப் பக்கத்தில், என் பெயரின் கீழ் போட்டேன். புலம்பெயர்ந்தவனின் வலியை ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள் என்று பலர் எழுதினார்கள். நன்றி, நன்றி என்று ஒவ்வொருவருக்கும் பதில் போட்டேன்.

பங்குனியில் மாடசாமி விவகாரம் வந்தது. மாடசாமி என்பவரின் கிரயப் பத்திரத்தில் ஓரிடத்தில் மாவுக்குப் பதில் ம விழுந்து, அதை யாரும் கவனிக்காமல் பதிவும் ஆகிவிட்டது. மறுநாள் அந்த மனிதர் கடை வாசலில் நின்று, "ஏன் அண்ணாச்சி, எங்கப்பா எனக்கு மாடசாமின்னு பேரு வச்சாரு. நீரு மடசாமின்னு வச்சிருக்கீரு. எங்கப்பாவ விட ஒமக்குத்தான் என்னைய நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்றாராம். தெருவே சிரித்தது என்று சொல்லி அண்ணனும் சிரித்தான். பிறகு பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடை முதலாளி சிரிக்கவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டார். அப்டேட்டால் வந்தது, தம்பி வெளிநாட்டில் இருந்தே சொல்லிவிட்டான் என்று அண்ணன் அவருக்கு விளக்கியிருக்கிறான்.

என் பேச்சு சாட்சியாக நின்றது. அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

4

மகளுக்கு உலகம்மை என்று எங்கள் கோயில் அம்மன் பெயரை வைத்தோம். பள்ளிக்கூடத்தில் அதை உல்லா ஆக்கினார்கள். இங்கே கிழவிகளுக்குத்தான் அந்தப் பெயர் உண்டு. பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது பிடித்துப்போய்விட்டது. இப்போது வீட்டிலும் உலகம்மை என்று கூப்பிட்டால் இரண்டாவது கூப்பிடலுக்குத்தான் திரும்புகிறாள். முதல் கூப்பிடல் அவள் காதைச் சேர்வதற்குள் எங்கோ ஒரு நாட்டைக் கடக்க வேண்டியிருக்கிறது.

அவள் ஒரு குழுவோடு கணினி விளையாட்டில் போட்டிக்குப் போகிறவள். ஐப்பசியில் தன் கணினியின் தாய்ப்பலகைக்கு, மதர்போர்டுக்கு, ஒரு அப்டேட் போட்டாள். அதற்குள் செயலிக்கான, அதாவது பிராசசருக்கான, புது மைக்ரோகோடும் இருந்தது. மறுநாள் வந்து, "அப்பா, மவுஸ் என் பின்னாடி வருது. முன்னாடி என்கூட வந்துச்சு" என்றாள்.

எட்டு மாத இடைவெளியில் அதே கேள்வி இரண்டாம் முறை என் வீட்டு வாசலுக்கு வந்தது. இந்த முறை நான் விவரமாக விளக்கினேன். மைக்ரோகோடு என்பது செயலி தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் உள்பேச்சு. மின்சாரம் போனால் மறந்துவிடும். ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் அதன் காதில் புதிதாக ஓத வேண்டும். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கச் சில வேலைகளை அது கொஞ்சம் நிதானமாகச் செய்யவைக்கும். பெரிய கணக்குகளில் அந்த நிதானம் தெரியலாம். ஒரு விசையை அழுத்தி எழுத்து வருவதற்குள் போகும் நேரத்தில் பெரும்பகுதி விசைப்பலகையிலும் வரைவதிலும் திரையிலும் போய்விடுகிறது. அதன் முன்னே செயலியின் நிதானம் தூசு. ஆகவே உன் கைக்குத்தான் அப்படித் தோன்றுகிறது, போட்டி பயம் என்று முடித்தேன்.

அவள் அறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கதவு சத்தமில்லாமல் சாத்துகிற கதவு. அதுதான் எனக்குப் பயம்.

இரண்டு நாள் கழித்து மனம் கேட்காமல், பணிமனையில் இருந்து அளவுகருவியைக் கேட்டு வாங்கி வந்து அவள் மேஜையில் மாட்டினேன். அவள் சொன்னது உண்மை. தாமதம் கூடியிருந்தது, கொஞ்சம்தான், ஆனால் கூடியிருந்தது. தேடிப் பார்த்ததில், அப்டேட் போட்டபோது அவள் அமைத்து வைத்திருந்ததெல்லாம் அழிந்து, நினைவகம் மந்தமான வேகத்துக்குத் திரும்பியிருந்தது. அதைச் சரிசெய்தேன். அதே புது மைக்ரோகோடு உள்ளே இருக்க, தாமதம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மைக்ரோகோடு குற்றவாளி இல்லை. அவள் கையும் இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். அவள் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"அப்போ பெரியப்பாவோடதை அளந்தீங்களா?"

5

அளக்கவில்லை. எட்டு மாதம் அளக்கவில்லை. அளப்பதே தொழிலாக இருக்கிறவன்.

மதினிக்கு, அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், செய்தி அனுப்பினேன். அண்ணன் கடையில் அடிக்கும்போது போனை மெதுவோட்டத்தில் வைத்து, விரலும் திரையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பச் சொன்னேன். செகண்டுக்கு இருநூற்று நாற்பது படம் விழும். விரல் விசையைத் தொட்ட படத்தில் இருந்து எழுத்து தோன்றிய படம் வரை எண்ணினால் தாமதம் கிடைத்துவிடும். மதினி சனிக்கிழமை கடைக்குப் போய் எடுத்து அனுப்பினாள். கூடவே ஒரு குரல் பதிவு: "கைய மட்டும் எடுத்தாப் போதுமா தம்பி, மூஞ்சி வேண்டாமா? சும்மா இருக்கும்போதுதான் அதிகமா வருது. அதையும் எடுக்கட்டுமா?"

எது அதிகமாக வருகிறது என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து எண்ணினேன். க, பதினெட்டுப் படம். ம, பதினெட்டு. ஆ, பதினெட்டு. இ, பதினெட்டு. திரும்பவும் எண்ணினேன். மெய்க்கும் உயிருக்கும் கணினி ஒரே நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டது. நல்ல, ஆரோக்கியமான, சாதாரணக் கணினி.

அப்புறம்தான் விசைப்பலகையைப் பார்த்தேன். தமிழ்99 அமைப்பு. உயிரெழுத்துகள் எல்லாம் இடது கைப்பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலது கைப்பக்கம்.

இது எனக்குத் தெரியாததா? நானும் அதிலேதான் அடிக்கிறேன். இந்தக் குறிப்பையும் அதிலேதான் அடித்துக்கொண்டிருக்கிறேன். செயலிக்கு உயிர் எது மெய் எது என்று தெரியாது. அதற்கு எல்லாமே எண். உயிரெழுத்து மட்டும் பிந்துகிறது என்று ஒருவன் சொன்னால், பிந்துவது அவன் இடது கை. மாசி மாதத்திலேயே அண்ணன் நோயை இலக்கணமாகச் சொல்லிவிட்டான். நான் அதைக் கவிதையாகக் கேட்டேன்.

வீடியோவின் கடைசியில் அவன் அடிப்பதை நிறுத்தி, வரைவுத்தாளை வாசிக்கிறான். இடது கை மேஜைமேல் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கவில்லை. பெருவிரல் ஆள்காட்டி விரலின்மேல் போய் வருகிறது, பீடிக்கு இலை சுருட்டுகிற மாதிரி. போய் வர நாற்பத்தெட்டுப் படம். மறுபடி நாற்பத்தெட்டு. மறுபடி. செகண்டுக்கு ஐந்து முறை. ஆலையில் இத்தனை சீரான ஒன்றைக் கண்டால் கையெழுத்துப் போட்டு ஒப்புதல் கொடுத்துவிடுவேன்.

என் மனைவி சுப்பு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். காபியோடு பின்னால் வந்து நின்றவள், நான் எதுவும் கேட்காமலே டம்ளரைக் கீழே வைத்தாள். எங்கள் இல்லத்தில் நாலு பேருக்கு இந்தக் கை இருக்கிறது என்றாள். பார்க்கின்சன் என்ற சொல்லைச் சொல்லிவிட்டு, டாக்டர்தான் உறுதியாகச் சொல்லவேண்டும் என்றும் சொன்னாள். "சீக்கிரம் போனா மாத்திரையில ரொம்ப நாள் ஓட்டலாம். எப்ப ஆரம்பிச்சுது?"

வீடியோவை மறுபடி முதலில் இருந்து ஓடவிட்டேன்.

6

எட்டு மாதத்தில் நான் தென்காசியிலேயே இரண்டு வாரம் இருந்திருக்கிறேன். ஆனி கடைசி, நல்ல சீசன். ஐந்தருவியில் குளிக்குமுன் இரண்டு பேரும் எண்ணெய் போட்டுக்கொண்டோம். உருவிவிடுகிறவர் அண்ணனின் இடது கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சிக்கு இந்தக் கை மட்டும் பூட்டுப் போட்ட மாதிரி இறுகிக் கெடக்கு" என்றார். வருசக்கணக்கில் டைப் அடித்த கை என்று நான்தான் பதில் சொன்னேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. குளித்து வந்து சட்டை மாட்டும்போது பட்டன் போட அவன் ரொம்ப நேரம் எடுத்தான். ஈரக் கை என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே அருவியைப் போட்டோ எடுத்தேன்.

அதே ஐந்தருவியில், எனக்குப் பதினாறு வயதில், அண்ணன் என்னை வெளியே இழுத்திருக்கிறான். தலையில் தண்ணீர் இடிக்க, கண்ணை மூடிக் கிடந்தேன். மழை இல்லை, வெயில் அடித்தது. கூட்டமும் சிரித்துக்கொண்டிருந்தது. அவன் மட்டும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்திருக்கிறான். தெளிவாக விழுந்துகொண்டிருந்த தண்ணீரில் நாலு சருகு வந்தது. அப்புறம் ஒரு சுள்ளி. "சருகு வந்துட்டு, வெளிய வாலே" என்று முடியைப் பிடித்து இழுத்தான். நான் அவனை வைதேன், செத்த நேரம் குளிக்க விடமாட்டியா என்றேன். படியேறித் திரும்பும்போது போலீஸ் விசில் ஊதியது. அடுத்து விழுந்தது தண்ணீர் மாதிரியே இல்லை, மலை மாதிரி இருந்தது. செம்மண் நிறம். நாங்கள் நின்ற இடத்தில் கம்பித் தடுப்பு மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது.

மலைமேல் எங்கோ மழை பெய்கிறது. கீழே வெயில் அடிக்கிறது. நடுவில் இருக்கிற நேரத்தில் நாலு சருகு வருகிறது. அதைப் பார்க்கத் தெரிந்தவன் அவன். அவன் கையில் சருகு வந்தபோது, பார்ப்பதற்கென்றே படித்தவன் நான், போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

7

நாலாவது முறை கருவி விரலை ஏற்றுக்கொண்டது. அட்டை தபாலில் வரும் என்றார்கள். அலுவலகத்தை விட்டு இறங்கி, ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் நின்று அண்ணனைக் கூப்பிட்டேன். இங்கே மத்தியானம், அங்கே கடையில் சாயாவுக்கு எழுந்துவரும் நேரம். நான் பேசினால் அவனைச் சேர ஒரு கணம், அவன் பதில் என்னைச் சேர ஒரு கணம். அன்று அது நீண்டதா, இல்லை எனக்குத்தான் அப்படி இருந்ததா, தெரியாது.

"அண்ணே, கம்ப்யூட்டர்ல ஒண்ணுமில்ல."

"தெரியும்லே."

"எப்பம் தெரியும்?"

"ஒங்கிட்ட கேக்குததுக்கு முந்தியே. வெரலு தானா ஓடுதது எனக்குத் தெரியாதா? நீ வேற ஏதாவது சொல்லுவன்னுதான் கேட்டேன். நீயும் அப்டேட்டுன்ன." பிறகு, "நல்லாத்தான் இருந்துச்சு. செத்த நேரம் நிம்மதியா இருந்தேன்லா" என்றான்.

செத்த நேரம். எட்டு மாதம்.

என் பொய்யை அவன் போர்வையாகப் போர்த்தியிருக்கிறான். அது பொய் என்றுகூட எனக்குத் தெரியாமல் நான் கொடுத்தது. திருநெல்வேலியில் நரம்பு டாக்டரிடம் உடனே போகவேண்டும் என்று சொன்னேன். மாத்திரை இருக்கிறது, சீக்கிரம் போனால் பலன் உண்டு, சுப்பு தினமும் பார்க்கிறாள் என்றேன். முதலாளியிடம் என்ன சொல்வது என்று கேட்டான். கடையில் வேறு ஆள் வந்து உட்கார்ந்துவிட்டால், தான் காலையில் எழுந்து எங்கே போவது என்றும் கேட்டான். வலது கைக்கும் வருமா, வந்தால் எத்தனை நாளில் வரும், நீதான் எல்லாத்தையும் அளக்கிறவனாச்சே, அளந்து சொல் என்றான். பேச்சில் கேலி இருந்தது. கேலிக்கு அடியில் இருந்ததும் கேட்டது.

அதற்கு என்னிடம் கருவி இல்லை. இரண்டு நாளாகத் தேடிவைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. அவனுடைய வாக்கியம்தான் வந்தது.

"சருகு வந்துட்டுண்ணே. வெளிய வா."

நெக்கர் ஆறு பாலத்தின் அடியில் ஓசையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இந்த ஊர் ஆற்றில் எது மிதந்து வந்தாலும் எனக்கு வாசிக்கத் தெரியாது.

"எங்கன இருந்துலே வெளிய வர?" என்றான் அண்ணன். "தண்ணி உள்ளலா இருக்கு."

சாயா ஆறுகிறது என்று சொல்லி வைத்துவிட்டான்.

மறுநாள் காலை ஆலைக்குள் நுழையும்போது அவனிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. கடைக் கணினியில் இருந்து அனுப்பியது. ஒரே வரி.

வயழன பறன தம்ப

எழுத்துரு கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு இன்னும் கணினியைச் சந்தேகிக்கிற புத்தி போகவில்லை. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கணினி கெடவில்லை. வலது கையால் மட்டும் அடித்துப் பார்த்திருக்கிறான், இனி எவ்வளவு தூரம் போகலாம் என்று. மெய் எல்லாம் வந்திருந்தது, இடப்பக்கத்து வ உட்பட; ம-வின் புள்ளி கணினி தானே வைப்பது. உயிரை நானே ஒவ்வொன்றாகப் போட்டு வாசித்தேன்.

வியாழன் போறேன் தம்பி.